இரு கை விரித்துப் பெறும் வாழ்த்து: வாசகர் கேள்வி – பதில்

கஜகஸ்தானின் கஜக் மக்களின் வாழ்த்துச் சடங்குகள் பற்றியும் அவற்றோடு வரும் இசை பற்றியும் தில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மூத்தவர் சொல்லும் வாழ்த்தைக் குறிக்கும் ‘பத்தா’ என்ற சொல் பல இடங்களில் வரும். அதன் முதல் எழுத்தை ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ போல உச்சரித்தால் கஜக் காதுக்குச் சரியாக இருக்கும்.

ஆர்.கே. புரம் வாசகர்: கஜக் நண்பர் வீட்டு விருந்தில் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் வேகமாக ஏதோ சொன்னார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அடுத்த முறை எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நீங்கள் பார்த்தது பத்தா. சபையில் மூத்தவர் எதுகை அமைந்த வரிகளில் வீட்டாரை வாழ்த்துவார், மற்றவர்கள் கை விரித்து அதைப் பெற்றுக்கொள்வார்கள். சாப்பாடு முடிந்த பிறகு, விரிப்பிலிருந்து பாத்திரங்களை எடுப்பதற்கு முன்பு இது நடக்கும். பத்தா ஆகும் வரை யாரும் எழ மாட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி, உதவி செய்வதாக நினைத்துத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினால் வாழ்த்தை மறித்தது போல ஆகிவிடும். விருந்தாளிகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கையிலிருப்பதை, முக்கியமாக ஃபோனை, கீழே வைத்துவிடுங்கள். இரு உள்ளங்கைகளும் உங்கள் முகத்தைப் பார்த்தபடி பக்கம் பக்கமாக மார்பு உயரத்தில் இருக்கட்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே நன்றி சொல்ல வேண்டாம். கடைசி வரியில் எல்லோரும் சேர்ந்து ‘ஔமின்’ என்பார்கள். அதைச் சொல்லிக்கொண்டே இரு கைகளையும் நெற்றியிலிருந்து தாடை வரை மெல்ல இறக்குங்கள். அத்துடன் முடிந்தது. பழக்க தோஷத்தில் கை கூப்பிவிட்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் விரித்த கைதான் வாழ்த்தை வாங்கும் கை.

பத்தா தானாக வருவதில்லை, கேட்டுப் பெற வேண்டும். வீட்டுக்காரர் அல்லது இளையவர் ஒருவர் ‘பத்தா பெரிங்கிஸ்’ என்று கேட்பார். பெரியவர் தானே சொல்லலாம், தன்னைவிட மூத்தவர் இருந்தால் அவரிடம் விட்டுவிடலாம். மூத்தவர் இருக்கையில் இளையவர் முந்திக்கொள்வதில்லை. பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் மூத்த பாட்டி சொல்வார்.

ஆடு அறுக்கும் விருந்தானால் சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு பத்தா உண்டு. ஆட்டை வாசல் வரை கொண்டுவந்து முக்கிய விருந்தாளியிடம் அனுமதி வாழ்த்துக் கேட்பார்கள். அதன் பிறகே அறுப்பார்கள். வெந்த தலை அதே விருந்தாளியின் முன் வரும். அவர் காதை அறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பங்கிட வேண்டும். தில்லி அடுக்குமாடி வீடுகளில் இது நடக்காது. அங்கே அல்மாட்டி நகருக்கோ கிராமத்துக்கோ போகிறவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முனீர்க்கா மாணவர்: சாபமும் பத்தாதான் என்று ஒரு தோழி சொன்னாள். உண்மையா?

உண்மை. அதற்கு ‘தெரிஸ் பத்தா’ என்று பெயர். உள்ளங்கைகளை வெளிப்புறம் திருப்பி, புறங்கை தன் முகத்தைப் பார்க்கும்படி வைத்துச் சொல்வது. பெற்றவரோ ஊர்ப் பெரியவரோ பொறுக்க முடியாத குற்றம் செய்தவனைக் கைவிடும்போது சொல்வார்கள். அதைப் பெற்றவன் உருப்பட மாட்டான் என்ற அச்சம் இன்றும் ஆழமாக இருக்கிறது. ஆகவே ரீல்ஸுக்காகக் கையைத் திருப்பி நடித்துக் காட்ட வேண்டாம். விருந்தில் கை விரிக்கும்போதும் எந்தப் பக்கம் முகத்தைப் பார்க்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மயூர் விஹார் வாசகி: என் தங்கை மகனுக்கு அல்மாட்டிப் பெண் நிச்சயமாகியிருக்கிறது. நவம்பரில் தில்லியில் வரவேற்பு. அதில் ‘பெத்தாஷார்’ நடத்த வேண்டும் என்று பெண் வீட்டார் விரும்புகிறார்கள். பிள்ளை வீட்டாராகிய நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பெத்தாஷார் என்பது மணப்பெண்ணின் முகத்திரையை நீக்கி, அவளைப் புகுந்த வீட்டாருக்கு அறிமுகப்படுத்தும் பாட்டுச் சடங்கு. மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. ஆகவே பெண் வீட்டார் உங்களிடம் எதையும் திணிக்கவில்லை, உங்களுக்கு உரிய இடத்தைத்தான் தருகிறார்கள்.

திரையிட்ட பெண்ணை மாப்பிள்ளையின் அண்ணிமார் இருவர் இரு பக்கமும் கை பிடித்து அழைத்து வருவார்கள். தோம்ப்ரா என்ற இரண்டு தந்தி வாத்தியத்தை மீட்டும் பாடகர் எதிரே நின்று முதலில் சபையை வணங்கி, பெண்ணைப் புகழ்ந்து, புது வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தி சொல்லிப் பாடுவார். ‘கெலின் (மருமகள்) வந்தாள், பாருங்கள், பார்த்ததற்குப் பரிசு கொடுங்கள்’ என்ற பொருளில் பழைய வரி ஒன்று உண்டு. அது இல்லாத பெத்தாஷார் அரிது. பிறகு மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ‘இவருக்கு ஒரு சலாம்’ என்று பாட, பெண் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்குவாள். பெயர் சொல்லப்பட்டவர் பரிசு தர வேண்டும். அதற்குக் ‘கொரிம்திக்’ என்று பெயர். முன்பு ஆடு, குதிரை என்று அறிவிப்பார்கள், இன்று பணம். கடைசியில் பாடகர் தோம்ப்ராவின் தலைப்பகுதியால் அல்லது துணி கட்டிய கோலால் திரையை விலக்குவார். மாமியார் பெண்ணை முத்தமிட்டு வெள்ளைத் துணியைத் தலையில் போர்த்துவார். மூத்த பெண்கள் மிட்டாயும் நாணயமும் வாரி இறைப்பார்கள். அது ‘ஷாஷு’.

உங்கள் பொறுப்பில் முதலாவது, உறவினர் பட்டியல். பாட்டு வரிகள் அங்கேயே கட்டப்படுகின்றன, ஆனால் வெறும் பெயரை வைத்து யாராலும் நல்ல வரி கட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் பெயர், உறவு, ஒரு சிறப்பு ஆகிய மூன்றையும் எழுதுங்கள்: ‘ராணுவத்தில் இருந்தவர்’, ‘வீணை வாசிப்பவர்’, ‘இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர்’ என்பது போல. தமிழ்ப் பெயர்களைச் சிரிலிக் எழுத்தில் எழுதித் தரும்படி பெண்ணிடமே கேளுங்கள். இல்லாவிட்டால் மேடையில் பாடகர் பெயரில் தடுக்கி விழுவார், பாட்டின் ஓட்டம் அங்கேயே அறுந்துவிடும். மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். தாய்வழி உறவை அவர்கள் ‘நகாஷி’ என்று தனியாகச் சொல்லி மிகவும் மதிப்பார்கள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் பட்டியல் போக வேண்டாம். பன்னிரண்டு என்றாலே முழுச் சடங்கும் ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் பெண் திரைக்குள் நின்று குனிந்து குனிந்து எழ வேண்டும். தலையில் ‘சௌகெலெ’ என்ற உயரமான கூம்புக் கிரீடம் வேறு. ஆழமாகக் குனிந்தால் அது முன்னால் சரியும். ஒரு முறை ஒத்திகை பார்த்து, எவ்வளவு குனிந்தால் போதும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மனிதருக்கு முன் முழுக்கக் குனிவது மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று நினைக்கும் கஜக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் தலையை மட்டும் சாய்ப்பார்கள். அதைப் பெண்ணின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

திரையைக் கொண்டை ஊசியாலோ சேஃப்டி பின்னாலோ குத்தக் கூடாது. நம் அழகுக்கலைப் பெண்கள் கேட்காமலே குத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பின் குத்திய திரையைத் தோம்ப்ராவால் தூக்கினால் கிரீடமும் சேர்ந்து வரும்.

பணத்துக்கு ஒரு தாம்பாளம் வைத்து, ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். தன் பெயர் வந்த பிறகே ஒவ்வொருவரும் போட வேண்டும். மொய் எழுதுவது போல எல்லோரும் வரிசையாக முன்கூட்டியே போட்டுவிட்டால் பாடகருக்குப் பாட ஒன்றும் இருக்காது. சேரும் பணம் பெண்ணுக்கா, பாடகருக்கா, பங்கிடுவதா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். அண்ணிமார் இல்லையென்றால் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி, அதுவும் இல்லையென்றால் கல்யாணமான நாத்தனார் கை பிடிக்கலாம்.

ஷாஷுவுக்கு நூற்றைம்பது பேர் சபையில் இரண்டு கிலோ காகிதம் சுற்றிய கெட்டி மிட்டாய் போதும். சாக்லேட் மிதிபட்டுக் கம்பளத்தில் ஒட்டும், மண்டபக்காரர் சுத்தம் செய்யப் பணம் கேட்பார். மிட்டாயை முகத்தை நோக்கி எறியாமல் தலைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். பொறுக்கியதை வீட்டுக்கு எடுத்துப் போவது நல்ல சகுனம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே கீழே விழுந்ததை எடுக்காதே என்று குழந்தைகளைத் தடுக்காதீர்கள்.

பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்புத் தீயில் கொழுப்பு ஊற்றி, தீயைத் தாயாக அழைத்து வரம் கேட்கும் பழைய சடங்கு ஒன்றும் உண்டு. நம் வீட்டில் மருமகள் விளக்கேற்றும் நேரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். இரும்புச் சட்டியில் நாலைந்து கரித்துண்டு, அதில் ஒரு தேக்கரண்டி நெய், அதற்கு மேல் வேண்டாம். நெய் கூடினால் தீ சட்டென்று எழும், துப்பட்டாவில் பற்றும். மண்டபத்தில் புகை உணர்வான் அலறும் என்பதால் வீட்டில் செய்யுங்கள்.

லோதி ரோடு வாசகி (இசை ஆசிரியர்): பத்தாவை ராகத்தில் பாடுவார்களா? எந்த வாத்தியம் எதற்கு?

பத்தா பாடப்படுவதில்லை. வாத்தியமும் இல்லை. ஏழு, எட்டு அசை கொண்ட சிறு வரிகளை அடுக்கி, ஒரே மூச்சில், தாளக்கட்டு தெரியும்படி ஒப்பிக்கிறார்கள். ‘போல்சின்’, ‘பெர்சின்’ என்று வினைமுற்றுகளே வரி முடிவில் இயைந்து நிற்பதால் பழகியவருக்கு வரிகள் தடையில்லாமல் வரும். நம் வியங்கோள் வினைமுற்று செய்யும் வேலையைத்தான் அந்தச் ‘சின்’ விகுதியும் செய்கிறது. அவை வாழ்க, வளர்க, ஓங்குக என்று அடுக்குவதற்கு நிகரானவை.

இசை பத்தாவைச் சுற்றி வருகிறது. விருந்தைத் தொடங்கி வைக்கும் பாட்டு ‘தோய் பஸ்தார்’, பாடியவருக்கு அங்கேயே பரிசு உண்டு. பெண்ணை வழியனுப்பும்போது ‘ஜார்-ஜார்’. இளைஞர்கள் ஒரு பக்கம் நின்று, ‘அப்பாவைப் பிரிகிறோமே என்று வருந்தாதே, மாமனார் அந்த இடத்தில் இருப்பார்’ என்ற பொருளில் பாட, மாமனார் அப்பாவாக முடியுமா என்று பெண்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பாட்டு வரும். பெண் தனியாகப் பாடும் பிரிவுப் பாட்டு ‘சிங்சு’. இதில் மெட்டு வரிக்கு வரி கீழிறங்கும், மூச்சு இழுப்பதுகூடப் பாட்டின் பகுதி. பெத்தாஷார் மெட்டு ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் நின்றுவிடும். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓடும் அது, சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைந்திருக்கிறது. மைக் வைக்கும்போது குரலுக்கு முதலிடம் கொடுத்து, தோம்ப்ராவை அதற்குக் கீழே வையுங்கள். நான்கு வரி, பதினோரு அசைப் பாட்டுகள் வேறு வகை. அவற்றில் முதல், இரண்டாம், நான்காம் வரிகள் இயைந்து வரும், மூன்றாம் வரி தனித்து நிற்கும். ஸ்வரக் குறிப்போடு பார்க்க விரும்பினால் அலெக்சாந்தர் சதாயெவிச் 1925-இல் வெளியிட்ட ஆயிரம் பாட்டுகளின் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.

வில்லால் வாசிக்கும் கொபிஸ் முற்றிலும் வேறு உலகம். ஒரே மரத்துண்டில் குடைந்தது. கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் தோல் போர்த்தியிருக்கும், மேல்பாதி திறந்தே இருக்கும். தந்தி, வில் இரண்டுமே குதிரை மயிர். விரலால் தந்தியைக் கட்டையில் அழுத்துவதில்லை, பக்கவாட்டில் தொட்டால் போதும். அதனால்தான் உபஸ்வரங்கள் அவ்வளவு துலக்கமாக எழுகின்றன. நோய் தீர்க்கவும் ஆவிகளை அழைக்கவும் ‘பக்சி’ என்ற சடங்கு வைத்தியர் வாசித்தது இது. சோவியத் காலத்தில் அந்தப் பக்கம் ஒடுக்கப்பட்டது. கொபிஸின் தந்தை என்று போற்றப்படும் கொர்கித் ஆத்தா, சாவிடமிருந்து தப்பி சிர் தரியா ஆற்றின் மேல் கம்பளம் விரித்து அமர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தார் என்றும், கண் அயர்ந்தபோது பாம்பு தீண்டியது என்றும் கதை. அந்த ஆற்றங்கரையில், கர்மக்ஷி பக்கம் 1980-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் பொருத்திய உலோகக் குழாய்கள் காற்று வீசும்போது ஒலிக்கின்றன. அவர் பெயரால் ஒகுஸ் துருக்கியரிடையே வழங்கும் கதைகளின் முடிவில் அவரே வந்து வாழ்த்துச் சொல்கிறார்: மலைகள் இடியாதிருக்கட்டும், நிழல் தரும் மரம் வெட்டுப்படாதிருக்கட்டும், ஓடும் நீர் வற்றாதிருக்கட்டும். கொர்கித் மரபை யுனெஸ்கோ 2018-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தோம்ப்ராவில் வாசிக்கும் ‘கியூய்’ என்ற இசை வடிவம் அதற்கு முன்பே, 2014-இல் இடம்பெற்றுவிட்டது.

கலைஞர்களுக்குப் பத்தா என்பது சடங்குக்கும் மேலானது. பாடகர் ஜம்பில் ஜபாயெவ் (1846–1945) தன் குருவாகச் சொன்னது சுயின்பாய் அரோனுலியை (1815–1898). அவருடைய பத்தாவைப் பெற்ற பிறகே பாட்டுத் தொழிலில் இறங்கினார். தோம்ப்ராக் கலைஞர் தீனா நுர்பெயிசோவா (1861–1955) சிறுமியாக இருந்தபோதே கியூய் மேதை குர்மான்காசியின் ஆசியைப் பெற்றவர். கச்சேரி அரங்கேற்றத்துக்கு முன் குருவின் ஆசி பெறும் உங்கள் மாணவிகளுக்கு இதை விளக்கத் தேவையிருக்காது.

ரோஹிணி வாசகர்: அல்மாட்டியிலிருந்து மகள் கொண்டுவந்த தோம்ப்ரா மே மாதத்தில் நரம்புப் பக்கம் வளைந்து, சுருதியும் நிற்கவில்லை. சரியாகுமா?

முதலில் சுருதி. இரண்டு தந்திகளையும் ஸ–ம இடைவெளியில் வையுங்கள். ஸ–ப என்றும் வைக்கலாம், எந்தக் கியூய் என்பதைப் பொறுத்தது. தந்தி பெரும்பாலும் நைலான். புதிதாகப் போட்டால் இரண்டு மூன்று நாள் இழுத்துக்கொண்டே இருக்கும், அது பழுதல்ல.

தந்தியைத் தாங்கும் ‘குதிரை’ பலகையில் ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. தந்தியை முழுக்கத் தளர்த்தினால் விழுந்துவிடும், மறுபடி வைத்த இடம் கொஞ்சம் மாறினாலும் எல்லா ஸ்வரமும் பிசகும். திறந்த தந்தியையும் அதன் பாதி நீளத்தில் உள்ள மெட்டையும் (விரல் வைக்கும் கட்டு) மாறி மாறி வாசியுங்கள். மெட்டில் மேல்ஸ்தாயி கூடுதலாகக் கேட்டால் குதிரையைக் கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள், குறைவாகக் கேட்டால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். சரியான இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். மெட்டுகளும் கழுத்தில் கட்டிய நைலான் சுற்றுகள்தான், நகரும், ஆகவே அவற்றையும் பாருங்கள்.

வளைவுக்குக் காரணம் தில்லியின் வறண்ட வெயில். அனல் காற்று மரத்தின் ஈரத்தை இழுக்கும், ஆடி, ஆவணியில் அதே மரம் ஊதும். ஒட்டுகள் விடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். உறையில் போட்டு, ஏசி காற்று நேராகப் படாத உள்சுவர் ஓரம் வையுங்கள். பரண், கார் டிக்கி இரண்டும் ஆகாது. ஒரு ஈரமானி வாங்கி அறையில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாசிக்காத நாட்களில் இரண்டு தந்தியையும் ஒன்றரை ஸ்வரம் இறக்கி வைத்தால் போதும். கழுத்து ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் கையால் நிமிர்த்த முயலாமல் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கரோல் பாக் வாசகி: கஜக் பேராசிரியர் ஒருவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நாங்கள் சைவம். இறைச்சி இல்லாமல் பத்தா கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். வாழ்த்து என்பது விருந்து விரிப்புக்கும் வீட்டாருக்கும் உரியது. ரொட்டியும் தேநீரும் மட்டும் வைத்தாலும் பெரியவர் பத்தா சொல்வார். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அவர்கள் அதை அவமதிப்பாக நினைப்பார்கள். பால் கலந்த தேநீரைக் கிண்ணத்தில் பாதி அளவே ஊற்றி, அடிக்கடி நிரப்புங்கள். விளிம்பு வரை ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்புங்கள்’ என்று பொருள்படும். நம் உபசரிப்பில் தளும்பத் தளும்ப ஊற்றுவோம் என்பதால் பரிமாறுகிறவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

துவாரகா வாசகர்: அலுவலகத்தில் கஜக் சக ஊழியரின் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, ‘துசாவ் கெசு’வுக்கு அழைத்திருக்கிறார். என் மனைவிதான் கயிறு வெட்ட வேண்டுமாம். ஏன் அவர்?

கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் குழந்தையின் கணுக்கால்களை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, நடுவில் வெட்டுவது இந்தச் சடங்கு. வெட்டுகிறவரின் குணமும் சுறுசுறுப்பும் குழந்தைக்கு வரும் என்பதால் யோசித்துத்தான் ஆளைத் தேர்வார்கள். உங்கள் மனைவிக்கு அவர்கள் கொடுத்திருப்பது பெரிய மரியாதை. இருநிற நூல், பிறர் பொருளைத் தொடாத நேர்மைக்கு அடையாளம். சில வீடுகளில் செல்வம் வேண்டிக் கொழுப்புள்ள குடலையோ, தழைக்க வேண்டிப் பச்சைப் புல்லையோ கட்டுவதும் உண்டு.

முனை மழுங்கிய கத்தரிக்கோல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். நூலுக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். வெட்டியதும் குழந்தையை வெள்ளைத் துணி மேல் இரு கை பிடித்து நடத்துவார்கள், மூத்தவர் பத்தா சொல்வார். குழந்தை மிரண்டு உட்கார்ந்துவிட்டால் இழுக்க வேண்டாம், துணியின் மறுமுனையில் தாய் நின்றால் தானே போகும்.

சரோஜினி நகர் வாசகி: வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு கஜக் அம்மா ஏழு மெல்லிய எண்ணெய் ரொட்டி கொடுத்தார். வாங்கலாமா? திருப்பி என்ன கொடுப்பது?

வாங்கி, அன்றே சாப்பிடுங்கள். அது ‘ஷெல்பெக்’, நம் பட்டூரா போலப் பொரித்தது. காலமானவர்களை நினைத்து ஏழாகச் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். பொரிக்கும் வாசனையே இறந்தவர்களைச் சேரும் என்பது நம்பிக்கை. பதிலுக்கு உடனே எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பண்டமாற்று போல ஆகிவிடும். மார்ச் 21 முதல் 23 வரை வரும் நவ்ரிஸ் பண்டிகையன்று ஏதாவது இனிப்பு கொண்டுபோய்க் கொடுங்கள்.

வசந்த் குஞ்ச் வாசகர்: கஜக் மாணவர்கள் இருவர் ஊருக்குக் கிளம்புமுன் என் எண்பது வயது அப்பாவிடம் பத்தா கேட்டார்கள். அவர் திகைத்துவிட்டார். அடுத்த முறை என்ன சொல்லலாம்?

தமிழிலேயே சொல்லலாம். பத்தா சொல்ல வயதும் நல்ல மனமும் போதும், கஜக் மொழி தெரிய வேண்டியதில்லை. ‘மழையால் மண் தழைக்கும், பத்தாவால் மனிதன் தழைப்பான்’ என்பது அவர்கள் பழமொழி. அதனால்தான் வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்கிறார்கள்.

பிரயாண பத்தா என்பதால் நாலைந்து வரி போதும்: வழி நல்லதாகட்டும், உடல் நலமாக இருக்கட்டும், படிப்பு முடியட்டும், பெற்றவர் முகம் மலரட்டும். அந்த மாணவர்களுக்கே உரிய ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள், பரீட்சையோ, வீட்டில் காத்திருக்கும் பாட்டியோ. மனப்பாடம் செய்த பொது வாழ்த்தைவிட ஆள் பார்த்துச் சொன்ன ஒரு வரியைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தாளைப் பார்த்துப் படிக்க வேண்டாம், தடுக்கினால் பரவாயில்லை. அப்பாவும் கைகளை விரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். முடிவில் ‘ஜோலிங் போல்சின்’ என்று கஜக் மொழியில் சேர்த்தால் மாணவர்கள் மகிழ்வார்கள். ‘வழி நல்லதாகட்டும்’ என்பதுதான் அதன் பொருள். ‘ஔமின்’ என்று முதலில் தொடங்க வேண்டியவரும் அப்பாதான். அவர் முகத்தைத் தடவும் வரை மாணவர்கள் கையை இறக்க மாட்டார்கள், எனவே அதிக நேரம் காக்க வைக்க வேண்டாம்.